கடுகு பூத்த வழியில் குசிநகரம் வரை

கோண்டாவிலிருந்து பல்ராம்பூர் போகும் சாலையின் இருபுறமும் ஜனவரி மாதத்தில் கடுகு பூத்துக் கிடக்கிறது. விடிந்து வெகுநேரம் ஆகியும் பனிமூட்டம் விலகுவதில்லை. விலகியதும் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே பாத்தி பாத்தியாக மஞ்சள் தெரிய ஆரம்பிக்கிறது. இமயத்தின் அடிவாரத்தில் விரியும் தராய்ச் சமவெளி இது. வடக்கே கொஞ்ச தூரத்தில் நேபாள எல்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. பல்ராம்பூரிலிருந்து சிராவஸ்தி சுமார் 17 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் போர்வை போர்த்திய கிராமத்துப் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் நீடித்து, இரு வீட்டாரும் கூடிப் பேசித் தாம்பூலம் மாற்றும் நிலைவரை வந்த ஓர் உறவு முறிந்துபோனது. பிரிந்தவர்மேல் சொல்ல என்னிடம் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிந்தைய மாதங்களில் தூக்கம் போயிற்று. சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. பேருந்தில் யாராவது அதே சாயலில் சிரித்தால்கூட அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடத் தோன்றியது. சுற்றியிருந்தவர்கள் அன்போடுதான் தேற்றினார்கள். "எதுவும் நிலையில்லம்மா, மனசை விட்டுடாதே" என்றார்கள். அது எனக்கும் தெரியும். நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் திருக்குறளில் இருக்கிறது. பட்டினத்தார் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவ்வளவு தெரிந்தும் அந்த உண்மை ஏன் எனக்குக் கைகொடுக்கவில்லை? இந்த உண்மையையே போதனையின் நடுவில் வைத்த புத்தர், தன் முன்னால் அழுதுகொண்டு நின்றவர்களிடம் அதை எப்படிச் சொன்னார்? அவர் சொன்ன இடங்களில் நின்றே அதை யோசிக்க வேண்டும்போல் இருந்தது. அதனால்தான் சிராவஸ்தி, அங்கிருந்து குசிநகரம்.

சிராவஸ்தி கோசல நாட்டின் தலைநகரம். பசேனதி அரசன் ஆண்ட ஊர். இன்று அது சாஹேத், மாஹேத் என்று இரு பகுதிகளாகக் கிடக்கிறது. மாஹேத் பழைய நகரம். சாஹேத்தான் ஜேதவனம். ஜேதன் என்ற இளவரசனின் தோப்பை, தரை முழுவதும் பொற்காசு பரப்பி, அனாதபிண்டிகர் என்ற வணிகர் விலைக்கு வாங்கிப் புத்தருக்குத் தந்தார் என்பது மரபு. புத்தர் தம் வாழ்நாளில் 25 மழைக்காலங்களை இந்த ஊரில் கழித்தார் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. அவர் வேறெங்கும் இவ்வளவு காலம் தங்கியதில்லை. அதனால் சிராவஸ்தி மக்களின் வீட்டுத் துக்கங்கள் எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன. குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், துணையை இழந்தவர்கள், பித்துப்பிடித்தவர்கள் எல்லோரும் இந்தத் தோப்புக்குத்தான் வந்தார்கள்.

இப்போது அங்கே செங்கல் அடித்தளங்களும் புல்வெளியும் மரங்களும் இருக்கின்றன. புத்தர் தங்கிய கந்தகுடியின் செங்கற்களில் பக்தர்கள் பொன்தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாமரையும் சாமந்தியும் குவிந்திருக்கின்றன. கொஞ்சம் தள்ளி ஆனந்த போதி என்ற அரசமரம். புத்தர் ஊரில் இல்லாத நாட்களில் மக்கள் வணங்குவதற்காகப் புத்தகயா போதிமரத்தின் வழிவந்த கன்றை அவருடைய சீடர் ஆனந்தர் முயற்சியில் இங்கே நட்டார்கள் என்பார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் வந்தபோது இந்தப் பெருநகரத்தில் 200 குடும்பங்களுக்குச் சற்று அதிகமாகத்தான் மிஞ்சியிருந்தன. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்த இன்னொரு சீனத் துறவி யுவான் சுவாங் பார்த்தது பெரும்பாலும் இடிபாடுகளை. நிலையாமை கற்பித்த ஊரும் நிலைக்கவில்லை.

கிசா கோதமியின் கதையைக் கேட்காத தமிழர் குறைவு. இறந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டுத் திரிந்த தாய் அவள். சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் அவளை அனுப்பினார். இந்தக் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் ஜேதவனத்தின் வாசலிலிருந்து பக்கத்துக் கிராமத்துக்குக் கடுகு வயல்களின் வரப்பில் நடந்தபோதுதான் அதில் ஒரு விஷயம் உறைத்தது. புத்தர் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. அவளை நடக்கவைத்தார். எதிரே இருக்கும் எல்லாருடைய அடுக்களையிலும் இருக்கிற பொருளைக் கேட்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் கடுகை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போன மகனைப் பற்றி, போன மாமியாரைப் பற்றி, யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் கேட்டது கடுகு. அவளுக்குக் கிடைத்தது ஊர்முழுவதன் துக்கம். மாலையில் அவள் குழந்தையைச் சுடுகாட்டில் விட்டபோது, அந்த முடிவை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் கால்களே அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன.

அந்தக் கிராமத்தில் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து கடுகுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தெரிந்தது. அடுத்த வீட்டிலும் ஒன்று. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நம்முடைய மணிமேகலைக் காவியத்திலும் இப்படி ஒரு தாய் வருகிறாள். பெயரும் ஏறத்தாழ அதே பெயர்தான்: கோதமை. புகார் நகரத்துச் சுடுகாட்டில் கண்ட காட்சியின் அச்சத்தால் உயிர்விட்ட மகன் சார்ங்கலனைத் தழுவியெடுத்துக்கொண்டு, நள்ளிரவில் சம்பாபதித் தெய்வத்தின் முன்னால் போய் நிற்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தா என்கிறாள். முடியாது என்று சொல்லும் தெய்வம், அவள் நம்பாததால் எல்லா உலகத்துத் தேவர்களையும் அங்கே வரவழைக்கிறது. அவர்களாலும் முடியாது என்று கண்ணால் கண்டபிறகே அவள் அடங்குகிறாள். பாலி மரபின் கோதமி அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டுகிறாள். மணிமேகலையை எழுதிய சாத்தனாரின் கோதமை வானுலகத்தின் கதவுகளைத் தட்டுகிறாள். இருவருக்கும் ஒரே பதில்தான். ஆனால் இருவருமே தட்டிப் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது அந்த அனுமதிதான்.

சிராவஸ்திக்கு அருகே ஓடும் ராப்தி ஆற்றுக்கு அந்தக் காலத்தில் அசிரவதி என்று பெயர். அதன் கரையில் நின்றபோது படாசாராவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிராவஸ்தியின் செல்வர் வீட்டுப் பெண் அவள். வீட்டு வேலையாளை விரும்பி அவனோடு ஊரைவிட்டுப் போனாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறந்தகம் திரும்பும் வழியில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். பச்சைக் குழந்தையைப் பருந்து தூக்கியது. மூத்தவனை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஊரை நெருங்கியபோது பெற்றோரும் சகோதரனும் இருந்த வீடு புயலில் இடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆடை நழுவியதுகூடத் தெரியாமல் பித்தாகத் திரிந்தவளை ஊரார் விரட்டினார்கள். அவள் ஜேதவனத்துக்குள் நுழைந்தபோதும் தடுக்கத்தான் பார்த்தார்கள். புத்தர் அவளை வரவிடச் சொன்னார். நினைவுக்கு வா, சகோதரி என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். கூட்டத்தில் ஒருவர் தன் மேலாடையை எடுத்து அவள்மேல் போட்டார். அதற்குப் பிறகுதான் தம்மம் பேசப்பட்டது.

துறவியான பின்பு ஒருநாள் படாசாரா காலைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். முதலில் ஊற்றியது கொஞ்ச தூரம் ஓடித் தரைக்குள் போயிற்று. அடுத்தது இன்னும் கொஞ்ச தூரம். மூன்றாவது அதையும் தாண்டி ஓடி மறைந்தது. சிலர் இளமையிலும் சிலர் நடுவயதிலும் சிலர் முதுமையிலும் போகிறார்கள் என்று அந்தத் தண்ணீரிலிருந்தே அவளுக்குப் பிடிபட்டது. இவளுக்கும் கிடைத்தது ஒரு வேலைதான்: கால் கழுவுவது. தினமும் செய்கிற வேலையை முழுக் கவனத்தோடு செய்தாள். பின்னாளில் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் தேர்ந்த பிக்குணிகளில் முதலாமவள் என்று பெயர் பெற்றாள். பிள்ளைகளை இழந்த பெண்கள் பலர் அவளிடம் ஆறுதல் பெற்றதைப் பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதை பதிவு செய்திருக்கிறது. தன்மேல் ஒருவர் போட்ட துணியை அவள் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜேதவனத்துக்கு இலங்கையிலிருந்து வெள்ளை உடுத்திய யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆனந்த போதியின் அடியில் என் பக்கத்தில் உட்கார்ந்த வயதான சிங்கள அம்மா, என் கைப்பையில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். "மகள் தனியவா வந்தீங்க?" என்று ஆரம்பித்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கன வருசம் நர்ஸாக இருந்தவராம். நான் ஏன் வந்தேன் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஆஸ்பத்திரியில அழுற ஆக்கள நிறையப் பார்த்திருக்கிறன் மகள். அழாதீங்க எண்டு ஒருத்தருக்கும் சொன்னதில்ல. முதல்ல குடிக்கத் தண்ணி குடுப்பன். பக்கத்துல இருப்பன்."

பிறகு ஒன்று சொன்னார். "இப்ப அந்த நோவு உடம்புல எங்க கிடக்கு எண்டு பாருங்க. அவரப் பற்றி யோசிக்க வேணாம். நோவு எங்க எண்டு மட்டும் பாருங்க."

கண்ணை மூடிப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே ஓர் அடைப்பு. நெஞ்சில் ஒரு பாரம். பார்த்துக்கொண்டே இருக்க, அது ஏறியது; தாங்க முடியாத இடம்வரை வந்தது; பிறகு தானாகவே இறங்கியது. எங்கோ குரங்குகள் கிளையை உலுக்கின. அந்தச் சத்தத்தைக் கேட்ட நொடியில் நெஞ்சில் எதுவும் இல்லை. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று. வந்தபோதெல்லாம் ஒரே மாதிரி இல்லை. இத்தனை மாதங்களாக இரவும் பகலும் மாறாமல் என்னோடு இருப்பதாக நான் நம்பிய துக்கம், உண்மையில் விட்டுவிட்டு வருகிற ஒன்று. காதல் நிலைக்கவில்லை என்பதை மட்டும்தான் அதுவரை நிலையாமை என்று நான் புரிந்துவைத்திருந்தேன். அந்த வலியும் அதே விதிக்கு உட்பட்டது என்பதை அந்த மரத்தடியில் உடம்பால் அறிந்தேன்.

அன்று பிற்பகல் மாஹேத்தின் மண்மேடுகளில் நடந்தேன். பசேனதியும் மல்லிகையும் வாழ்ந்த நகரம் அது. அன்புக்குரியவர்களிடமிருந்தே துயரம் பிறக்கிறது என்று புத்தர் சொன்னதாக அரண்மனைக்குச் செய்தி வந்தபோது அரசன் ஏற்கவில்லை. அன்புக்குரியவர்களால் மகிழ்ச்சிதானே வரும் என்று ஊரே பேசியது. அரசி மல்லிகை வாதம் செய்யவில்லை. நம் மகள் வஜிரி உங்களுக்குப் பிரியமானவளா, அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் உங்களுக்குத் துயரம் வருமா என்று மட்டும் கேட்டாள். அரசன் புரிந்துகொண்டான். இந்தச் சம்பவத்தைச் சொல்லும் அதே பௌத்த உரையில் சிராவஸ்தித் தம்பதி ஒன்றின் செய்தியும் வருகிறது. பெண் வீட்டார் அவளைப் பிரித்து வேறொருவனுக்குக் கொடுக்க நினைத்தார்கள். அதைக் கேட்ட கணவன் அவளை வெட்டிக் கொன்று தானும் மடிந்தான், செத்த பின்னாவது சேர்ந்திருக்கலாம் என்று. நம் செய்தித்தாள்களிலும் இதே செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது: காதலை மறுத்த பெண்ணைக் கொன்றவன், பிரிந்தவளின் முகத்தில் ஆசிட் வீசியவன், தன்னையே மாய்த்துக்கொண்ட பிள்ளை. மாறக்கூடாது என்று அன்பைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் கை, கடைசியில் ஆயுதத்தைத் தூக்குகிறது. நிலையாமையை ஏற்பது துறவிகளுக்கு மட்டுமான பாடம் என்று நாம் ஒதுக்கிவைப்பதற்கு இவ்வளவு பெரிய விலை இருக்கிறது.

பின்னொரு நாள் அந்த மல்லிகையே இறந்தாள். செய்தி காதில் சொல்லப்பட்டபோது பசேனதி புத்தருக்கு அருகில் இருந்தான். தோள் தொய்ந்து, தலை கவிழ்ந்து, பேச்சற்று உட்கார்ந்துவிட்டான். இழப்பை ஏற்க மாட்டாதவனுக்குச் சோறு ருசிக்காது, உடம்பு வாடும், காரியங்கள் நின்றுபோகும் என்று அவனிடம் புத்தர் சொன்னதாகப் பௌத்த நூல் சொல்கிறது. என்னுடைய கடந்த சில மாதங்கள் அப்படியே அதில் இருந்தன.

பல்ராம்பூரில் கோரக்பூர் ரயிலேறினேன். துளசிப்பூர், பர்ஹனி, சித்தார்த்நகர், ஆனந்த்நகர் என்று எல்லையோரமாகவே போகும் பாதை. எதிர் இருக்கைக் குடும்பம் பூரியும் உருளைக்கிழங்கும் பிரித்து எனக்கும் நீட்டியது. வெகுநாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஜன்னலோரத்தில் சிலப்பதிகாரத்து மாதவியை நினைத்துக்கொண்டே வந்தேன். இறந்தவரைப் பிரிவது ஒன்று. உயிரோடு இருப்பவரைப் பிரிவது இன்னொன்று. மாதவிக்கு இரண்டும் நேர்ந்தது. கடற்கரையில் கோவலன் விட்டுப் போனான். அவள் எழுதிய மடல்கள் அவனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பிறகு மதுரையிலிருந்து அவன் கொலையுண்ட செய்தி வந்தது. அவள் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் போய் விழுந்தாள். இந்திர விழாவுக்கு ஆட வரச் சொல்லி தோழி வசந்தமாலை வந்து அழைத்தபோது, பூத்தொடுத்துக்கொண்டிருந்த மகள் மணிமேகலையும் அவளும் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப மறுத்தார்கள். பிறகு மணிமேகலை அமுதசுரபி என்ற அள்ளக் குறையாத பாத்திரத்தை ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிடப் போனாள். தமிழில் எழுதப்பட்ட பௌத்தக் காவியமும் துக்கத்தைச் சோறிடும் வேலையில்தான் கொண்டுசேர்த்தது.

கோரக்பூரிலிருந்து குசிநகரம் சுமார் 53 கிலோமீட்டர். மல்லர் குலத்தாரின் குசிநாரா அது. அங்கே இரண்டு சால மரங்களுக்கு நடுவே புத்தர் கடைசியாகப் படுத்தார். 1876இல் தொல்லியல் ஆய்வாளர் கார்லைல் இங்கே அகழ்ந்தபோது, உடைந்து கிடந்த 6.1 மீட்டர் நீளமுள்ள சயன புத்தர் சிலை வெளிப்பட்டது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹரிபலர் என்பவரின் கொடை என்று பீடக் கல்வெட்டு சொல்கிறது. இப்போதுள்ள கோயில் புத்தர் மறைந்த 2500ஆம் ஆண்டையொட்டி 1956இல் கட்டப்பட்டது. உள்ளே பொன்னிறப் பட்டு போர்த்திய பெருமான் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறார். யாத்திரிகர்கள் மெல்லச் சுற்றி வருகிறார்கள்.

எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நகர்கிறார்கள். பீடத்தையும் பார்க்க வேண்டும். அங்கே மூன்று சிறு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கூந்தல் அவிழ்ந்த ஒரு பெண், தியானத்தில் அமர்ந்த ஒருவர், கையில் தலையைத் தாங்கிய ஒரு துறவி. அந்தத் துறவியை ஆனந்தர் என்று சொல்வதுண்டு. அழுகையும் அமைதியும் ஒரே பீடத்தில் இடம்பெற்றிருக்கின்றன. சிற்பி அழுதவர்களை வெளியே தள்ளவில்லை.

ஆனந்தர் 25 ஆண்டுகள் புத்தரின் நிழலாக இருந்தவர். பிரிவு நெருங்கியதும் தனியே போய்க் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். புத்தர் ஆள் அனுப்பி அவரை அழைத்தார். போதும், அழாதே, பிரியமான எல்லாவற்றையும் பிரியத்தானே வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா என்றார். நம் வீடுகளில் ஆறுதல் இத்தோடு முடிந்துவிடும். அவர் மேலும் இரண்டு காரியம் செய்தார். ஆனந்தர் இத்தனை காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் காட்டிய அன்பை எல்லாத் துறவிகள் முன்னிலையிலும் பாராட்டினார். பிறகு ஊருக்குள் போய் மல்லர்களுக்குச் செய்தி சொல்லி வா என்று அனுப்பினார். அழுதுகொண்டிருந்தவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார். புத்தர் மறைந்து சில மாதங்களில் ராஜகிருகத்தில் துறவிகள் கூடியபோது, புத்தரின் உரைகளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பெரும் பொறுப்பும் அதே ஆனந்தர்மேல் விழுந்தது. அவர் சொன்னதால்தான் அவை நமக்குக் கிடைத்தன என்பது மரபு.

அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது. முடிந்துபோன உறவைப் பொய் என்றும் வீண் என்றும் சொல்லித்தான் மறக்க முடியும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குசிநகரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பிரிவு உறுதி என்றும் சொல்லப்பட்டது. இருந்த அன்பு நல்லது என்றும் சொல்லப்பட்டது. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே இரவில் வந்தன. நான் நேசித்த ஆண்டுகள் உண்மையானவை. அவை முடிந்துவிட்டன. இவை ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

புத்தரின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் ராமபார் ஸ்தூபி இருக்கிறது. செங்கல் குன்று. நானும் அதை வலம் வந்தேன். அதைச் சுற்றி அமர்ந்து பலர் தியானம் செய்துகொண்டிருந்தார்கள்.

காதல் முறிவில் இருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இந்தப் பயணத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது இதுதான். நிலையாமை உங்கள் வாயை அடைக்கும் பழமொழியாக வந்தால் அதைக் கேட்க வேண்டியதில்லை. சிராவஸ்தியிலும் குசிநகரத்திலும் அது யாருக்கும் வெறும் சொல்லாகத் தரப்படவில்லை. ஒரு வேலையாகத் தரப்பட்டது. ஒருத்தியை ஊர்முழுக்க நடக்கவைத்தது, ஒருத்தியைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவைத்தது, ஒருவரைச் செய்தியோடு அனுப்பியது. அழுங்கள். வலி வரும்போது அது உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு எழுந்து, இன்னொருவருக்குப் பயன்படும் சின்ன வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்றால் தத்துவத்துக்குக் காத்திருக்காதீர்கள். படாசாராவுக்கு முதலில் ஒரு துணிதான் தேவைப்பட்டது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழையுங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், எதுவும் நிலையில்லை என்று சொல்வதற்கு முன்னால் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.